மேலக் கரிசல்குளத்துப் பழுப்பு மண்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தலைமை அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் வீற்றிருக்கும் கம்ப்யூட்டருக்கு என் வணக்கங்கள். மழையளவு, நிலத்தின் சாய்வு, கடல்மட்டத்திலிருந்து உயரம், செயற்கைக்கோள் படம் எல்லாவற்றையும் அதன் வாயில் போட்டார்களாம். அது மென்று இந்தத் தாலுகா முழுவதற்கும் மண் வரைபடத்தைத் துப்பிவிட்டதாம். ஒரு குழிகூடத் தோண்டவில்லை. குழி தோண்டியே முதுகு வளைந்த மண் ஆய்வாளனாகிய நான், வருகிற மே மாதம் ஓய்வு பெறப்போகிற தேவசகாயம், விளாத்திகுளத்தில் முகாம் போட்டிருப்பது அந்த இயந்திரம் சொன்னது சரிதானா என்று பார்த்து ஒரு 'டிக்' போடுவதற்காக.

என்னோடு இரண்டு பேர். ஒருவன் ஜீப் ஓட்டும் பேச்சிமுத்து. வாயை மூடினால் வண்டி நின்றுவிடும் என்று நம்புகிறவன். இன்னொருத்தி நஸ்ரின். இளையான்குடிப் பெண், மண்ணியலில் முதுகலை, நாலு வருஷமாக ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பது என் கையில் இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் நான் ஒரு தடவை பார்ப்பேன், அவள் தனியாக ஒரு தடவை பார்ப்பாள். இரண்டையும் ஒப்பிட்டு, அவளுடைய கணிப்பு 'ஏற்கப்பட்டது' அல்லது 'நிராகரிக்கப்பட்டது' என்று மாதக் கடைசியில் நான் எழுத வேண்டும். நிராகரித்தால் அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை அவள் சொல்லவில்லை. பேச்சிமுத்து சொன்னான், நான் கேட்காமலே.

லாட்ஜ் அறையில் பல்பைச் சுற்றி வளையம் வளையமாக வெளிச்சம். இந்த ஊர் மின்சாரத்தில்கூடக் கலப்படம் செய்கிறார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ரோஸ்லின் இந்த டைரியை எனக்குத் தெரியாமல் படிப்பாள் என்பது எனக்குத் தெரியும். என் மனைவியின் பொது அறிவுக்காகச் சில குறிப்புகள்.

இந்தப் பக்கம் வருஷத்துக்கு அறுநூறு மில்லிமீட்டர் சொச்சம் மழை. அதையும் ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டு வானம் கடையைச் சாத்திவிடும். மேட்டில் விழுந்த தண்ணீர் வடிந்துவிடுவதால் அங்கே மண்ணிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் செம்மண். பள்ளத்தில் தண்ணீர் தங்குவதால் அங்கே கரிசல். செம்மண் குடித்ததை உடனே மறந்துவிடும். கரிசல் அப்படியல்ல, ஐப்பசியில் குடித்ததைத் தை மாதம் வரை வைத்திருந்து பருத்திக்குக் கொடுக்கும், கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ரோஸ்லின் கரிசல் இனம். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னும் ஈரம் காயாமல் வைத்திருக்கிறாள்.

ஆக, மேடு பள்ளமும் மழையும் தெரிந்தால் மண்ணைப் பாதி ஊகித்துவிடலாம். கம்ப்யூட்டர் செய்வது அதைத்தான். மீதிப் பாதிக்குத்தான் நாங்கள். மண்ணை நனைத்துப் பிசைந்து கட்டை விரலால் தள்ளினால் ரிப்பன் மாதிரி வரும். நீளமாக வந்தால் களிமண். சட்டென்று உடைந்தால் மணல். அதன் பிறகு வண்ணப் புத்தகம். பக்கம் பக்கமாகச் சின்னச் சின்ன வண்ணச் சில்லுகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் மண்கட்டியைப் பிடித்து, எந்தச் சில்லோடு ஒத்துப்போகிறது என்று வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் எப்போதும் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பேன். உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். துப்பாக்கிக்காரன் குறி பார்ப்பது போல இருக்கிறது என்று என்னுடைய பழைய அதிகாரி ஒருவர் பாராட்டியிருக்கிறார். நஸ்ரின் இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு பார்க்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஒரு குறி கிடையாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றைய தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருக்க வேண்டும். புது மண் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

மேலக் கரிசல்குளத்தில் சீனியம்மாள் என்பவருடைய புஞ்சை. கம்ப்யூட்டர் கரிசல் என்று அடித்துச் சொன்ன இடம். ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி இறங்கினேன். கையில் பிசைந்தால் ரிப்பன் போய்க்கொண்டே இருக்கிறது, முழுக்க முழுக்கக் களி. சரி, கரிசல்தான் என்று புத்தகத்தைப் பிரித்து ஓட்டை வழியே பார்த்தால், மேலிருந்து கீழ்வரை பழுப்பு! கறுப்பு இல்லை, சிவப்பும் இல்லை. தொட்டால் கரிசல், பார்த்தால் வேறு. இந்தத் தாலுகாவின் பழைய ஆய்வுகள் எதிலும் இப்படியொரு மண் இல்லை.

கரையில் நின்ற சீனியம்மாளிடம், "இது என்ன மண்ணும்மா?" என்று கேட்டுவைத்தேன்.

"இது என்னய்யா கேள்வி? கரிசக்காட்டுல நின்னுக்கிட்டு என்ன மண்ணுன்னு கேக்கீக! அது கெடக்கட்டும், விதைப்புக்கு முந்தி இந்தக் குழிய மூடிருவீகளா?"

ஊர்ப் பேரிலேயே கரிசல் இருப்பதால் மக்கள் மயங்கிக் கிடக்கிறார்கள். பேரை வைத்து மண்ணை முடிவு செய்வதாக இருந்தால் பொன்னேரியில் போய்த் தங்கம் தோண்டலாம்.

நஸ்ரின் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து எழுதிக் காட்டினாள். 'மிகக் கருஞ்சாம்பல், கறுப்பு.' நான் சிரித்தேன்.

புது மண் வகைக்கு, அது முதலில் அகப்பட்ட ஊரின் பேரோடு 'தொடர்' என்று சேர்த்துப் பேர் வைப்பது எங்கள் தொழிலின் வழக்கம். மேலக் கரிசல்குளம் தொடர். கண்டவர், தேவசகாயம். இத்தனை வருஷத்தில் மற்றவர்கள் பேர் வைத்த மண்ணையே அளந்துகொண்டிருந்தேன். போகிற காலத்தில் எனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது. இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ரோஸ்லின், இந்த வரியை மட்டும் படிக்காதே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பழுப்பு எப்படி வந்தது என்று காரணம் கண்டுபிடித்துவிட்டேன். மேட்டுச் செம்மண் காலம் காலமாக மழையில் கரைந்து இறங்கிப் பள்ளத்துக் கரிசலோடு கலந்திருக்கிறது. சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் பழுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

நஸ்ரின் மேடு பள்ளம் காட்டும் உயரக்கோட்டுப் படத்தை விரித்தாள்.

"சார், செம்மண் மேடு ஓடைக்கு அங்கிட்டுல்ல இருக்கு. அங்கிருந்து அடிச்சிக்கிட்டு வந்தாலும் ஓடையோட போயிரும். இங்க வரணும்னா தண்ணி மேட்டுல ஏறணும்."

"ஓடை முன்னாடி வேற பக்கமா ஓடியிருக்கும்."

"எப்ப சார்?"

"முன்னாடி."

அவள் படத்தை மடித்துவிட்டாள். ஒரு கண்டுபிடிப்புக்காக ஓர் ஓடையை நகர்த்துவது பெரிய விஷயமே இல்லை. விஞ்ஞானத்தில் மலைகளையே நகர்த்தியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 16, சனி. பாளையங்கோட்டை

வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் கோவில்பட்டியில் ரோஸ்லினுக்கு ஒரு புடவை வாங்கினேன், கல்யாண நாளுக்காக. புது மண்ணைக் கொண்டாடவேண்டி அதே பழுப்பில் தேடினேன். கடைக்காரர் விளக்கை நம்பக் கூடாது என்பதால் தொழில்முறைப்படி வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் பிடித்து, இடது கண்ணை மூடிப் பார்த்தேன். அசல் பழுப்பு.

ரோஸ்லின் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "கருநீலம் எனக்குப் பிடிக்கும்னு இத்தன வருஷங்கழிச்சு ஞாபகம் வந்துட்டா?" என்றாள்.

நான் திருத்தவில்லை. தப்பான காரணத்துக்காகக் கிடைத்தாலும் பாராட்டு பாராட்டுதான். பாவம், அவளுக்கும் வயதாகிறது. நிறம் தெரியவில்லை.

சாப்பிடும்போது சொன்னாள். "தட்டுல முடி கெடக்குன்னு தட்டோட கோலத்தப் போட்டு சுரண்டுதீயளே. ஒரு எட்டு கண்ணு டாக்டரப் பாத்துட்டு வந்துருங்க. ரெண்டு வருஷமா சொல்லுதேன்."

கண்ணாடியின் பவர் கொஞ்சம் கூடியிருக்கும். தட்டில் யார் கறுப்புக் கோலம் போடச் சொன்னது?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் சீனியம்மாளின் ஆடு குழிக்குள் விழுந்துவிட்டது. பேச்சிமுத்து இறங்கித் தூக்கிவிட்டான். ஆடு குழியின் சுவரில் நான் அடுக்கு அடுக்காகப் போட்டிருந்த அடையாளங்களை எல்லாம் மிதித்து அழித்துவிட்டு, மேலே வந்ததும் என்னையே முறைத்தது. பொறுப்பாக வேலை செய்த ஒரே ஜீவன் நான்தான் என்பதை அது அறியாது.

திரும்பும்போது நடுப்பாதையில் மாடு படுத்திருந்தது. ஹாரன் அடிக்கச் சொன்னேன்.

"சார், அது மாடு இல்ல, பாறை. ஹாரன் அடிச்சா எந்திரிக்காது."

மாட்டைப் போலப் பாறைகள் கிடக்கிற ஊர். இதற்கு நான் என்ன செய்ய?

இன்று குழியில் நாலு இடத்தில் கட்டி எடுத்து மறுபடியும் நிறம் பார்க்கச் சொன்னேன். நஸ்ரின் நாலுக்கும் கறுப்பு என்றே எழுதினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ மண்ணப் பாக்குறியா, கம்ப்யூட்டர் குடுத்த படத்தப் பாக்குறியா? அதுல கரிசல்னு இருக்கு, அதையே காப்பி அடிச்சு எழுதுற. இதுக்கு நீ குழிக்குள்ள எறங்கவே வேணாமே. வீட்லருந்தே எழுதலாமே."

பேச்சிமுத்துவும் குழி வெட்ட வந்த ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதிகமாகப் போய்விட்டேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

ஆகஸ்ட் 23, சனி

நஸ்ரின் லீவு. காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருக்கிறாள். யாராவது பெண் பார்க்க வருகிறார்களாக இருக்கும். நல்லதுதான். மாப்பிள்ளை நிறம் என்ன என்று மட்டும் அவளிடம் கேட்காமல் இருந்தால் சரி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று குழியில் கடைசித் தடவையாகப் பார்க்கச் சொன்னேன். கட்டியை ஓட்டைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வெயிலைப் பார்த்தாள், கட்டியைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"எனக்குக் கறுப்பாத்தான் தெரியுது சார்." குரல் இறங்கியிருந்தது. "நீங்க சொல்லுங்க, பழுப்புன்னே எழுதிக்கிறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பாத்ததத்தான் எழுதணும், நஸ்ரின். சொன்னத எழுதுறதுக்கு நீ எதுக்கு? அதுக்குத்தான் அங்க கம்ப்யூட்டர் இருக்கே."

கறுப்பு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தொழில் தர்மத்தைப் பற்றி இளைய தலைமுறைக்கு ஒரு நல்ல பாடம் எடுத்த திருப்தியோடு பரோட்டா சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அறிக்கை அனுப்பியாயிற்று. மேலக் கரிசல்குளம் தொடர், பழுப்புக் களிமண். உருவான விதம், மழை, சரிவு, பழைய ஓடை (புள்ளிக்கோட்டில்). ஒப்பந்தப் பணியாளர் நஸ்ரினின் நிறக் கணிப்பு, நிராகரிக்கப்பட்டது.

மாலையே இணை இயக்குநர் போன் செய்தார். புது மண் என்றதும் மேலிடத்தில் சந்தோஷமாம். எட்டாம் தேதி தானே நேரில் வருகிறாராம். "போற போக்குல சிக்ஸர் அடிச்சிட்டீங்க தேவசகாயம்!"

நஸ்ரினிடம் நானே சொன்னேன். பின்னால் தெரிவதைவிட அதுதானே மரியாதை? "சரி சார்" என்றாள். உருப்பெருக்கியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தன் வண்ணப் புத்தகத்தை மட்டும் திரும்பவும் வெளியே எடுத்து, தூசி தட்டி வைத்தாள். அதை ஏன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜீப்பில் போகும்போது வலது கண்ணில் ஒரு வண்டு வந்து மோதியது. ஜன்னலை மூடுங்கள் என்று பேச்சிமுத்து சொல்லிக்கொண்டேதான் வந்தான். அவன் சொல்வதையெல்லாம் கேட்பதாக இருந்தால் வேறு வேலை பார்க்க முடியாது. கண் வீங்கி மூடிக்கொண்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, கைக்குட்டையை மடித்துக் கட்டிக்கொண்டேன்.

எட்டாம் தேதிக்காகக் குழிச் சுவரைச் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இறங்கினேன். ஒரு கட்டி உடைத்து, பழக்கத்தில் புத்தகத்தைப் பிரித்தேன். வலது கண் கட்டில் இருந்ததால் இடது கண்ணால் பார்த்தேன்.

கறுப்பு.

பேச்சிமுத்து வேறு குழியில் எடுத்த கட்டியைப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். அவன் குழிக்குள் இறங்கவே இல்லை. சுவரிலிருந்து நானே வேறொன்று எடுத்தேன். கறுப்பு. மேலடுக்கு, நடு அடுக்கு, அடியில், எல்லாம் கறுப்பு. ஒரு வாரத்தில் மண் நிறம் மாறுமா? மாறாது. மண் நிறம் மாற எத்தனை ஆயிரம் வருஷம் ஆகும் என்று மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான்.

கைக்குட்டையை அவிழ்த்தேன். வலது கண்ணை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, இடதை மூடினேன்.

பழுப்பு.

மாற்றினேன். கறுப்பு. மாற்றினேன். பழுப்பு. அதே கட்டி, அதே கை, அதே வெயில். வீக்கத்தால் இருக்கும் என்று என்னிடமே சொல்லிப் பார்த்தேன். ஆனால் இந்தப் பழுப்பை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கும் பழுப்பு அது.

என் வெள்ளைச் சட்டைக் கையை நீட்டிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு வெள்ளை. வலது கண்ணுக்குப் பழைய செய்தித்தாள்.

மேலேயிருந்து பேச்சிமுத்து, "சார், கண்ணு எரியுதா?" என்றான். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

இன்று வெயில் அதிகம். எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

கணக்காக யோசித்துப் பார்க்கிறேன். நானோ மே மாதம் போய்விடுவேன். மேலக் கரிசல்குளத்தில் அடுத்த குழியை இன்னும் முப்பது வருஷத்துக்கு யாரும் வெட்டப்போவதில்லை. புத்தகத்தில் ஒரு மண் கூடுதலாக இருந்தால் யாருடைய பருத்தியும் வாடிவிடாது. இருக்கிற புத்தகங்களில் இல்லாத தப்பா?

நஸ்ரினுக்கு வேறு வேலை கிடைக்கும். கெட்டிக்காரி. இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கிறவள்.

இப்படியே நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். உண்மையைச் சொல்வதானால் எனக்குப் பயமாக இருக்கிறது. மண் போவதைப் பற்றிக்கூடப் பெரிதாக இல்லை. எத்தனை நாளாக இந்தக் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. போன வருஷம் எழுதியது சரியா? அதற்கு முந்தின வருஷம்? இதை வாயைத் திறந்து சொன்னால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

ரோஸ்லின் போன் செய்தாள். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சளி என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இணை இயக்குநர் பதினோரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கூலிங் கிளாஸ், பின்னால் குடை பிடிக்க ஓர் ஆள். கடைசியாக எப்போது குழிக்குள் இறங்கினார் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. இன்றும் இறங்கவில்லை. கரையில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

நான் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தேன். குழிக்குள் நின்றுகொண்டு வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அடடா! தெளிவா தெரியுதே. அருமையான பழுப்பு!"

கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தால் நிலாகூடப் பழுப்புதான். ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு சுகமாக இருந்தது! நான் பொய் சொல்லவே வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். இருந்தேன்.

அவர் நஸ்ரின் பக்கம் திரும்பினார். "நீதானம்மா இதக் கறுப்புன்னு எழுதினது? நாலு வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியலன்னா எப்படி?"

நஸ்ரின் குழிக்குள் இறங்கினாள். என் பக்கத்தில் நின்று ஒரு கட்டி உடைத்து, நனைத்து, புத்தகத்தில் வைத்துப் பார்த்தாள். 

"கறுப்புதான் சார்" என்றாள் அவரிடம். "பாத்ததத்தான் எழுதணும், சொன்னத எழுதக் கூடாதுன்னு எங்க சாரே சொல்லிக் குடுத்துருக்காங்க."

என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளிடம் மீதி இருந்த ஒரே ஆதாரம் என்னுடைய அந்த வார்த்தைதான், அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"சார், கண்ணாடியக் கழட்டிட்டு எறங்கி வாங்க" என்றேன்.

"என்னது?"

"கூலிங் கிளாஸக் கழட்டுங்க. இது கறுப்பு. எல்லாமே கறுப்பு. அந்தப் பொண்ணு எழுதினது அத்தனையும் சரி. என் வலது கண்ணுல கோளாறு. புது மண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

குடை பிடித்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். இணை இயக்குநர் சிரிக்கவில்லை. மேலிடத்துக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்றாம். இப்போது என்ன சொல்வது என்று என்னையே கேட்டார்.  பிறகு, நான் பயந்த கேள்வியைக் கேட்டார். கண்ணைக் காட்டச் சொல்லி என் மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறாள் என்றேன்.

சீனியம்மாள் மட்டும் விஷயத்துக்கு வந்தார். "அப்ப குழிய மூடிரலாமில்லய்யா?"

ஜீப்பில் ஏறியதும் நஸ்ரின் பக்கம் திரும்பினேன். 

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

நஸ்ரின் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு லீவு போட்டேன்ல சார். மதுரைக்குப் போயி கண்ணக் காட்டிட்டு வந்தேன். சொட்டு மருந்து போட்டு, என்னென்னமோ மெஷின்ல வச்சுப் பாத்துட்டு, ஒரு கொறையும் இல்லம்மான்னாரு. அப்ப கண்ணுல கோளாறு இல்லன்னா மூளைலதான் கோளாறுன்னு நெனச்சேன். அதுக்கு எந்த டாக்டரப் பாக்குறதுன்னு தெரியாம வீட்ல யார்ட்டயும் சொல்லாமத் தூங்காமக் கெடந்தேன்."

மாப்பிள்ளையின் நிறம் பற்றி நான் எழுதிய வரியை, இதை எழுதுகிற இப்போது புரட்டிப் பார்த்தேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

"நான்..." என்று அப்போது ஜீப்பில் ஆரம்பித்தேன்.

"மொதல்ல ரிப்போர்ட்ட மாத்தி எழுதுங்க சார்" என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாற்றி எழுதி அனுப்பினேன். ஓடையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டேன். நஸ்ரினின் நிறக் கணிப்பு, ஏற்கப்பட்டது. கம்ப்யூட்டரின் கணிப்பும் ஏற்கப்பட்டது. இதை எழுதும்போது வலித்தது, மறைப்பானேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. இரண்டு வருஷமாக நான் பார்த்த குழிகளில் எடுத்துவைத்த மண்கட்டிகள் எல்லாம் கிடங்கில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அத்தனையையும் வேறொருவர் மறுபடி சரிபார்க்க வேண்டுமாம். அதற்காக நஸ்ரினின் ஒப்பந்தம் ஒரு வருஷம் நீட்டிக்கப்படுகிறது. அதாவது, யாரைச் சரிபார்க்க நான் வந்தேனோ அவள் இனிமேல் என்னைச் சரிபார்ப்பாள். அரசாங்கத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது என்று யார் சொன்னது?

செப்டம்பர் 23, செவ்வாய். பாளையங்கோட்டை

நேற்று வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, எழுதக் கூடாது என்று உத்தரவு. நான் சொல்லச் சொல்ல ரோஸ்லின் எழுதுகிறாள். டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, இவ்வளவு முற்றிய புரையை இந்த ஊரில் படித்த ஆளிடம் பார்த்ததில்லை என்றார். ஏதோ ஒரு விதத்தில் புதுக் கண்டுபிடிப்புதான். காலையில் கட்டை அவிழ்த்ததும் எதிரே ரோஸ்லின் அந்தப் புடவையில் நின்றாள். கருநீலம். என்ன ஒரு கருநீலம்! அழகாக இருந்தாள். (இதை மட்டும் இவராகச் சொல்லவில்லை, நான் கேட்டு வாங்கி எழுதினேன். இந்த டைரியை நான் முதல் பக்கத்திலிருந்தே படித்துக்கொண்டுதான் வருகிறேன் என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். கரிசல் இனமாம்! - ரோஸ்லின்)

அக்டோபர் 17, வெள்ளி. விளாத்திகுளம்

வேலைக்குத் திரும்பிவிட்டேன். பல்பைச் சுற்றியிருந்த வளையம் போய்விட்டது. கலப்படத்தை யாரோ கண்டித்திருக்கிறார்கள்.

நேற்று முதல் மழை. வரும் வழியில் மேலக் கரிசல்குளத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். குழி இருந்த இடமே தெரியவில்லை, மூடி உழுதிருந்தார்கள். நனைந்த மண் கன்னங்கரேல் என்று கிடந்தது. இதைப் போய்ப் பழுப்பு என்றவனை என்ன செய்யலாம்? கொஞ்ச நேரம் இறங்கி நின்றேன். செருப்பு இரண்டிலும் மண் அப்பிக்கொண்டு, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடிந்தது. பேச்சிமுத்து ஜீப்பில் கால் வைக்கிற இடத்தில் சாக்கை எடுத்து விரித்தான்.

மதியம் நஸ்ரின் தன் சரிபார்ப்பு அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இன்னும் என்னோடு பழையபடி பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

படித்தேன். இரண்டு வருஷக் கட்டிகளையும் ஒவ்வொன்றாக நனைத்து, பிசைந்து, பார்த்திருக்கிறாள். ஒன்றைக்கூட விடவில்லை. மனத்தாங்கலில் எங்காவது கூட்டிக் குறைத்திருப்பாளோ என்று அற்பத்தனமாகத் தேடினேன். இல்லை. கடைசிப் பக்கத்தில் முடிவு இரண்டே வரி.

'முதுநிலை ஆய்வாளர் தேவசகாயம் கையால் தொட்டுக் கணித்தவை அனைத்தும் ஏற்கப்பட்டன. கண்ணால் பார்த்துக் கணித்தவை நிராகரிக்கப்பட்டன.'

அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நஸ்ரின் எதிரிலேயே நின்றாள். முதல் வரியை இரண்டு தடவை படித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. பார்த்ததை எழுதியிருந்தாள், அவ்வளவுதான்.

'பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு.